ரோட்டில் காய்ந்த உளுந்து

எழுபதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை. அப்போது நான் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. மாமனார் ஊர் கருவேப்பிலங்குறிச்சிக்குப் பக்கத்தில். உளுந்து பிடுங்கியாயிற்று, ஒத்தாசைக்கு வந்தால் நல்லது என்று மச்சான் சொல்லியனுப்பியிருந்தான். இஸ்திரி போட்ட சட்டையும் புதுச் செருப்புமாகப் போன மாப்பிள்ளை என்ன ஒத்தாசை செய்துவிடப் போகிறான்? ஆனாலும் மனைவியோடு போனேன்.

எங்கள் பக்கத்தில் உளுந்துச் செடியைக் காயவைத்துத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போனால் நெற்று உடைந்து உளுந்து உதிர்ந்துவிடும். மாடு கட்டி மிதிக்க வேண்டாம். டிரைவர்களுக்கும் இது பழக்கம்தான், யாரும் ஒதுங்கிப் போக மாட்டார்கள். செடி கலைந்துவிடாமல் இருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் வைப்பது வழக்கம்.

அந்தக் கல்லில்தான் நான் என் மூளையைக் காட்டினேன். கம்பெனிக்குப் பின்னால், சூளையில் வெடித்துப்போன ஊறுகாய் ஜாடிகள் மலையாகக் கிடக்கும். வேண்டுமென்கிறவர்கள் அள்ளிப் போகலாம். அந்த ஓடுகளை ஒரு சாக்கு நிறைய பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய் ஓரத்தில் நட்டு வைத்தேன். வெயிலில் பளபளவென்று மின்னின.

"கல்லே போதுங்க. ஓடு கால்ல ஏறிச்சுன்னா என்னா பண்றது?" என்றாள் மனைவி.

"மாமா வச்சா சரியாத்தான் இருக்கும்" என்று மச்சான் என்னைத் தூக்கிவிட்டான். எனக்கு அது போதுமாக இருந்தது.

பத்து மணி இருக்கும். சேத்தியாத்தோப்புப் பக்கமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம். தனி ஆள், வெள்ளைக்காரர். செம்பட்டைத் தாடி முழுக்கப் புழுதி. வண்டியின் இரண்டு பக்கமும் தோல் பெட்டிகள் தொங்கின. ஏறி வரச் சொல்லி நாங்கள் கையாட்டினோம். அவர் வேகத்தைக் குறைத்தார், உளுந்தைப் பார்த்தார், ஹேண்டிலை ஓரமாகத் திருப்பினார். ஓரத்தில் இருந்தது என் ஜாடி ஓடுதான். முன் சக்கரம் அதில் ஏறிச் சறுக்கியது. வண்டி ஒரு பக்கம், மனிதர் ஒரு பக்கம். ஊன்றிய உள்ளங்கையில் ஓடு ஆழமாக இறங்கிவிட்டது.

நான் ஓடினேன். ஓடிப்போய் முதலில் செய்தது என்ன தெரியுமா? கூடியிருந்த ஜனத்துக்குக் கேட்கிற மாதிரி இங்கிலீஷில் அதட்டியதுதான். "ஒய் யூ நாட் கோ ஆன் டாப்?" அந்த வட்டாரத்தில் இங்கிலீஷ் பேசத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பதைக் காட்ட அதைவிட நல்ல சமயம் எனக்குக் கிடைக்கவில்லை.

"மொதல்ல அந்த ஆளத் தூக்குங்க. இங்கிலீஷு அப்பறம் பேசலாம்" என்று மனைவி அதட்டினாள்.

மச்சான் அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கினான். கையிலிருந்து ரத்தம் சொட்டியது. கன்னியாகுமரி வரை போகிறவர் என்று பின்னால் தெரிந்தது; அந்தக் கையால்தான் அவ்வளவு தூரமும் ஹேண்டில் பிடித்தாக வேண்டும். துணைக்கு ஆள் கிடையாது. அவர் என் கேள்விக்குத்தான் பதில் சொன்னார். கோபமே இல்லை. அது சாப்பாடு அல்லவா, அதன் மேல் எப்படி வண்டியை ஏற்றுவது என்றார்.

"என்னா சொல்றாரு?" என்று நாலைந்து பேர் என்னைக் கேட்டார்கள். சொல்லித்தானே ஆக வேண்டும்? சொன்னேன். எல்லோருக்கும் அது சட்டென்று புரிந்தது. சோற்றுத் தட்டைத் தாண்டினால் பிள்ளையை அடிக்கிற ஊர் அது.

மனைவி அவரைப் பக்கத்து வயலின் மோட்டார் கொட்டகைக்கு அழைத்துப் போய்க் கையைக் கழுவி, மஞ்சள் வைத்து, தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். கட்டும்போதே என்னைப் பார்த்து, "ஜாடி ஓட்ட நாமதான் வச்சோம்னு சொல்லுங்க" என்றாள். நாம் என்று சொன்னது அவள் பெருந்தன்மை. நான்தான் வைத்தேன் என்று திக்கித் திணறிச் சொன்னேன். சற்று முன் சரளமாக வந்த இங்கிலீஷ் அப்போது வரவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். திரும்பி வந்ததும் ஒற்றைக் கையால் அந்த ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட ஆரம்பித்தார். எதற்கென்று கேட்டேன். உளுந்தைப் புரட்டிக்கொண்டிருந்த பெண்களின் வெறுங்காலைக் காட்டினார். நானும் குனிந்து பொறுக்கினேன்.

வண்டி ஏறத்தான் உளுந்தைப் பரப்பியிருக்கிறோம் என்று அப்புறம் விளக்கினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ரோட்டோரத்தைக் காட்டி, அது ஏன் என்று கேட்டார். அங்கே மனைவி, மச்சான், வேலைக்கு வந்தவர்கள் எல்லோருடைய செருப்பும் கிடந்தது. அது எங்கள் வழக்கம், உணவுப்பொருளைச் செருப்புக் காலால் மிதிக்கமாட்டோம் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் பார்வை மெல்லக் கீழே இறங்கியது. நான் நின்றுகொண்டிருந்தது உளுந்தின் மேல். புதுச் செருப்போடு.

அவர் ஏதாவது சொல்லியிருந்தால் சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பேன். ரோட்டோரம் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையோடு சிரமப்பட்டுத் தன் பூட்ஸைக் கழற்றினார். மச்சான் உதவப் போனான், வேண்டாம் என்றுவிட்டார். பூட்ஸை அந்தச் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்தார். வண்டியைக் கிளப்பி, வெறுங்காலை இரண்டு பக்கமும் ஊன்றி ஊன்றி, உளுந்தின் மேல் மெதுவாக ஓட்டினார். அந்தக் கோடி வரை போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். சக்கரத்துக்கு அடியில் நெற்று படபடவென்று உடைந்தது.

"போதும்னு சொல்லுங்க, கை வலிக்கப் போவுது" என்றாள் மனைவி. எனக்கு வாயைத் திறக்கவே கூச்சமாக இருந்தது. கடைசியில் மச்சான்தான் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினான்.

அவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு விருத்தாசலம் பக்கம் போய்விட்டார். ஊர் போய்ச் சேர்ந்தாரா, கை ஆறியதா, எதுவும் தெரியாது. அவர் பேரைக்கூட நான் கேட்கவில்லை.

இன்றும் அறுப்புக் காலத்தில் அந்த ரோட்டில் பஸ்ஸில் போகிறேன். டிரைவர் வழக்கம்போல உளுந்தின் மேல் ஏற்றுவார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் என் கால்கள் மட்டும், செருப்பை விட்டுவிட்டுத் தாமாக மேலே எழும்பிக்கொள்கின்றன. அந்த உளுந்தைக் கடந்த பிறகுதான் அவற்றைக் கீழே வைக்க எனக்கு மனம் வருகிறது.