முன்வாசலுக்குப் போகச் சொல்லவில்லை

நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு பெண்ணுக்கு வேலை போயிற்று. அதற்கு முன்பே என்னால் ஓர் உயிர் போயிருந்தது.

கோவையாக எழுத எனக்கு வராது, மன்னியுங்கள். ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. மறதி வேறு; நேற்று என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் விழிப்பேன். இது மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது...

சேர்வராயன் மலையில் ஒரு காவல் நிலையம். எது என்று வேண்டாம். அடிதடி, திருட்டு என்றால் போலீஸ்காரர்கள் போவார்கள். மாடு வேலி தாண்டியது, வாய்ச்சண்டை, வழி தவறிய பெரியவர் என்று வரும் சின்ன அழைப்புகளுக்கு ஊர்ப்பெண்கள் ஆறு பேர் போவார்கள். நீலக் கோட்டு உண்டு, லத்தி கிடையாது. அவர்களுக்கு மேற்பார்வை நான். போனில் கேட்டு, ஆளை அனுப்பி, போய் வந்த விவரத்தை நோட்டில் எழுத வேண்டும்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிற என்னை ஏன் வைத்தார்கள்? நாற்பது வருடம் எஸ்டேட் எஸ்டேட்டாகக் காபிப்பழம் பறித்தவள் நான். தலைச்சோலை முதல் வாழவந்தி வரை எந்த வீட்டுக்கு எந்தத் தடம் என்று எனக்குத் தெரியும். அந்தத் தடம்தான் என்னைக் கவிழ்த்தது!

அந்த ஆறு பேரில் சின்னவள் கோமதி. என்னைப் பெரிம்மா என்பாள். நான்தான் அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டேன். அன்று காலைகூட, டூரிஸ்ட் ஒருவரின் பையைக் குரங்கு பிடுங்கிய புகாருக்குப் போய்விட்டு வந்து சிரித்தாள்.

"ஏனுங்க பெரிம்மா, குரங்கக் கைது பண்ணோணும்னா எந்தக் கையில வெலங்கு மாட்டறதுங்க?"

மதியம் மூடுபனி இறங்கும் நேரம் போன் வந்தது. ஒரு எஸ்டேட் பங்களா அம்மா. தனியாளான வயதானவர், தங்கச்சி மகன் ஒருவன் வந்து கூட இருந்தான்.

"சின்ன விஷயம்தாம்மா. சேலத்துல எங்க அக்கா வீட்டுக்குப் போகணும், இவன் விட மாட்டேங்கிறான். ஜீப் வேண்டாம், மானம் போயிடும். பொம்பளை ஒருத்தி வந்து பஸ் ஏத்திவிட்டா போதும். முன் கேட்டுக்கு வரச் சொல்லு. முன் வராந்தாவுலதான் உட்கார்ந்திருக்கேன்."

சரிங்கம்மா என்றேன். கோமதியைக் கூப்பிட்டேன்.

"பங்களாவுக்கு எந்தப் பக்கமுங்க போறது?"

"இதென்ன கேள்வி கண்ணு? நாம என்னைக்கு முன்வாசல்ல போயிருக்கறோம்? சமையக்கட்டுப் பக்கமாப் போ."

இதுதான் நான் சொன்னது. அம்மா சொன்னதை நான் சொல்லவே இல்லை.

ஏன்? நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

இளவயதில் ஒருநாள் அடைமழை. அதே பங்களாவின் முன் வராந்தாவில் பழக்கூடையோடு ஒதுங்கினேன். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் வந்து நாயைப் போல விரட்டினார். ஜன்னலில் அந்த அம்மா நின்றிருந்தார். பார்த்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று முதல் அந்த வீட்டுக்குப் பின்பக்கம் ஒன்றுதான் எனக்கு வாசல்.

பழக்கம்தானா? இல்லை, உள்ளே ஒரு வன்மம் கிடந்ததா? கிடக்கவில்லை என்று சொல்லப் பார்க்கிறேன்... நாக்கு எழவில்லை.

கோமதி பின்வாசலில் நின்று போன் செய்தாள்.

"அம்மா தூங்கறாங்கன்னு அந்தப் பையன் சொல்றாருங்க. முன்னால போயி ஒரு எட்டு பாத்துட்டு வரட்டுங்களா?"

"வேண்டாம் சாமி. பெரிய ஊட்டு விசயம். நமக்கெதுக்கு? திரும்பி வந்துரு."

நோட்டில் எழுதினேன்: 'நேரில் பார்த்தோம். நலம்.'

அவர் தூங்கவில்லை. சமையற்கட்டில் இருந்த தங்கச்சி மகனுக்குத் தெரியாமல், பையை மடியில் வைத்துக்கொண்டு முன் வராந்தாவில் எங்களுக்காக உட்கார்ந்திருந்தார். பொழுது சாயும்வரை காத்திருந்து, தானே பஸ் ரோட்டுக்கு நடந்திருக்கிறார். பனியில் தடம் தெரியவில்லை. மறுநாள் காலை பழம் பறிக்கப் போனவர்கள் காபிச் செடிகளுக்குக் கீழே பள்ளத்தில் கண்டார்கள். குடை விரிந்தபடியே கிடந்ததாம். பையில் இரண்டு சேலையும் மூக்குக்கண்ணாடியும்.

இன்ஸ்பெக்டர் ஐயா எங்கள் இருவரையும் நிறுத்திக் கேட்டார். "அந்தம்மா முன்பக்கம் வரச் சொன்னாங்களா?"

"சொன்னாங்கய்யா."

"அதை இந்தப் பொண்ணுகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேனுங்க."

ஒரே வார்த்தை! வாழ்நாளெல்லாம் வாய் திறக்கக் கூசியவளுக்கு அது எப்படி அத்தனை சுலபமாக வந்தது?

கோமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் வாயிலிருந்து இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தாள். பிறகு, "நான்தானுங்க மறந்துட்டேன்" என்றாள். நீலக் கோட்டை மடித்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

நான் இன்னும் அதே மேசையில் இருக்கிறேன். அவள் வாழவந்திப் பக்கம் கூலிக்குப் பழம் பறிக்கிறாள். பஸ்ஸில் பார்த்தால் எழுந்து இடம் தருகிறாள். "உக்காருங்க பெரிம்மா. கால் வலி தேவலைங்களா?" ஒரு முறை திட்டிவிட்டால்கூட என் நெஞ்சு ஆறியிருக்கும்...

போன் மணி அடிக்கும்போதெல்லாம் அந்த அம்மாவின் குரலோ என்று இரண்டு மணி விட்டுத்தான் எடுக்கிறேன். போன மாதம் ஒரு நாள் பங்களாவுக்குப் போனேன். முன் கேட்டில் நின்று ஒரு கும்பிடாவது போடலாம் என்றுதான் போனேன். பூட்டிய வீடு, தடுக்க ஒருவரும் இல்லை. என் கால்கள் தாமாகவே சமையற்கட்டுப் பக்கம் திரும்பின! அங்கே சாத்திய கதவைப் பார்த்துவிட்டு வந்தேன்.

இதைப் படிக்கிறவர் யாராவது சரிபாருங்கள். நோட்டில் 'நேரில் பார்த்தோம்' என்று இருப்பது என் கையெழுத்து, கோமதியுடையது அல்ல. நிலையத்துப் போனில் பேசுவதெல்லாம் பதிவாகும்; அந்த அம்மா பேசியதும், கோமதியை நான் திரும்பி வரச் சொன்னதும் அதில் இருக்கும். என் வார்த்தையை நம்பி யாரும் அதைப் போட்டுக் கேட்கவில்லை. எனக்குத் தைரியம் இல்லை, நீங்கள் கேளுங்கள். முன் கேட்டுக்கு, முன் கேட்டுக்கு என்று அந்த அம்மா எத்தனை முறை சொன்னார்? மேலே ஒரு முறைதான் எழுதியிருக்கிறேன். மூன்று என்று ஞாபகம். கூடுதலாக இருக்கலாம். குறைவாக இருக்காது.