ஸ்டெல்லா அக்கா பார்த்த பச்சைக் கல்

போன செவ்வாய்க்கிழமை காலை, சிம்பாங் பூலாயில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஸ்டெல்லா அக்காவின் மகள் அழைத்தாள். "அம்மா தூக்கத்திலேயே போயிட்டாங்க ஆண்ட்டி. வலியே இல்ல." இரண்டு ஆண்டுகளாக நோயோடு அவர் பட்ட பாட்டைப் பார்த்த எனக்கு, அழுகைக்கு முன் பெருமூச்சுதான் வந்தது. சிலிபின் வட்டாரத்தில் அவரை அறிந்த உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஈப்போவில் ஒரு நகைக்கடையில் பல ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்தோம். அவர் கல் பரிசோதகர்; நான் பழுதுபார்க்க வரும் நகைகளை வாங்கி வைப்பவள்.

ஒருநாள், நாங்கள் சரிசெய்து கொடுத்த மோதிரத்தோடு ஓர் அம்மா திரும்பி வந்தார். மாமியார் கொடுத்த மரகதமாம். வேறொரு கடையில் அது மரகதமே இல்லை என்றார்களாம். "நீதானே கையில வாங்குன? கல்ல மாத்திட்டே!" என்றார் என்னைப் பார்த்து. முதலாளியும் என் முகத்தையே பார்த்தார்.

அக்கா எனக்காகப் பரிந்து பேசவில்லை. மோதிரத்தை ஒளிக்கருவியில் வைத்து மெல்லச் சுழற்றினார். மரகதமானால் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வரும். இது இருட்டாகவே இருந்தது. "அந்தக் கடைக்காரங்க சொன்னது சரிதான். இது மரகதம் இல்ல," என்றார். எனக்கு உயிரே போய்விட்டது.

பிறகு லென்ஸை எடுத்து வெகுநேரம் பார்த்தார். "ஆனா கண்ணாடியும் இல்லலா. கோமேதகம் தெரியும்ல? அந்தக் குடும்பத்துக் கல்லு, பச்சை கார்னெட். வெளிச்சத்துல வைரத்த விட வர்ணமாத் தெறிக்கும். உள்ள பாருங்க."

அந்த அம்மா பார்த்தார். கல்லுக்குள் குதிரைவாலைப் போல விரிந்த பொன்னிற இழைகள்.

"இதுக்கு ஜோடியா ஏதாச்சும் வீட்ல இருக்கா?"

"மாமியார் சேர்த்துக் குடுத்த தோடு இருக்கு. எந்தக் கடைக்கும் கொண்டு போனதில்ல."

"கொண்டாங்க. பாத்துட்டுப் பேசலாம்."

மறுநாள் தோடு வந்தது. இரண்டு கல்லிலும் அதே பச்சை, அதே இழைகள். மாமியார் காலத்திலிருந்தே எல்லாம் கார்னெட்தான்; யாரும் கல்லை மாற்றவில்லை. அந்த அம்மா அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார்.

"என்கிட்ட எதுக்கு? பரமேஸ்கிட்ட கேளுங்க."

கேட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டார். அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது.

சாப்பிடும்போது, "நீங்களாச்சும் என்னை நம்புனீங்களாக்கா?" என்றேன்.

"நம்புனேன். ஆனா நான் நம்புறது அவங்களுக்கு எப்படிப் போதும்?"

அந்தப் பதிலை நான் வைத்துக்கொள்கிறேன். யார் மீதாவது பழி விழும்போது, நல்லவள் என்று சொல்லி நிறுத்திவிடாமல், அக்காவைப் போல உட்கார்ந்து ஆதாரத்தைப் பார்க்கிறேன்.