மாலை போட்ட படம்

கொட்டகலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் சரக்கெடுக்க ஹட்டன் போனபோது, சிறைக்கைதிகள் வரைந்த படங்களை ஒரு மண்டபத்தில் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு உள்ளே நுழைந்தேன். மனம் ஆறட்டும் என்று சிறையில் வரையப் பழக்குகிறார்களாம்.

ஒரு படத்தைவிட்டு என்னால் நகர முடியவில்லை. மூக்குத்தி போட்ட ஒரு பெண்ணின் முகம். இறந்தவர் படத்துக்குப் போடுவதுபோல் சுற்றிலும் மாலை, கீழே விளக்கு, எல்லாமே வரைந்தவை. அடியில் 'என் மனைவி' என்று எழுதியிருந்தது. முகம் பக்கத்துத் தோட்டத்துக்குப் புதிதாகக் குடிவந்த செல்லம்மாவுடையது. காலையில்தான் என் கடையில் கருவாடு வாங்கிப் போயிருந்தாள். புருஷன் சிறையில் இருப்பதை அவள் எங்களிடம் சொன்னதேயில்லை.

மறுநாள் அவளைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

"பழைய தோட்டத்துல மண் சரிஞ்சு நாங்க இருந்த லயத்து வீடெல்லாம் பொதைஞ்சுது மொதலாளி. நானும் போயிட்டேன்னு நெனச்சிருக்காரு. அண்ணன் வீட்டுக்கு இங்க வந்தத அவருக்கு யாரும் சொல்லல. எனக்கு எழுதவும் தெரியாது."

வரைந்த பூக்களை விரலால் தொட்டாள். "கல்யாணத்துக்கப்புறம் இப்பத்தான் மாலை போட்டிருக்காரு" என்றாள். அதன் பிறகுதான் அழுதாள்.

அங்கிருந்த சிறை அதிகாரியிடம் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் தகவல் சொல்வதாக ஒப்புக்கொண்டு, படத்தை இறக்கக் கை நீட்டினார்.

"வேணாங்க" என்றாள் செல்லம்மா. "அவரே வந்து எறக்கட்டும்."

இப்போதெல்லாம் தோட்டத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர் யார் கடைக்கு வந்தாலும், "நீங்க இங்க இருக்கிறது உங்காளுகளுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பொட்டலம் கட்டுகிறேன்.