அளந்து வழித்த பனி

தொண்ணூற்று நான்காம் ஆண்டு குளிர்காலத்தில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் நடந்தது இது. வோபர்னில் ஒரு தமிழருடைய வீட்டின் கீழ்த்தளத்தில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் கார் திருத்தினேன். இங்கே வந்தபிறகு ஒரு தொழிற்சாலையில் பெட்டி மடிக்கும் வேலைதான் கிடைத்தது. எஞ்சினைத் தொடாமல் கை சும்மா இருக்கவில்லை. ஸ்ரௌவ்வில் பக்கம் ஒரு பண்ணைக் கொட்டிலில் கிடந்த பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்றை, பாதி உடம்பும் நான்கு பெட்டி சாமான்களுமாக வாங்கிக்கொண்டு வந்தேன். பொழுதுபோக்காக அதைக் கட்டி எழுப்புவது என் எண்ணம்.

வீட்டுக்கார அண்ணை வாசலிலேயே மறித்துவிட்டார். "தம்பி, உந்தத் துருவை இஞ்சை இறக்கேலாது. சனம் என்னைப் பழைய இரும்பு வியாபாரி எண்டெல்லோ நினைக்கும்!"

இதையெல்லாம் பக்கத்து வீட்டுப் பெண்மணி பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளைக்காரி, என் வயதுதான் இருக்கும், தனி ஆள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். போய்த் தன் கராஜின் கதவைத் தூக்கி, காலியாக இருந்த பாதியைக் கையால் காட்டினார். கராஜ் பூட்டுக்கு ஒரு திறப்பும் தந்தார். அதற்கு எதுவும் வாங்கவில்லை. பதிலுக்கு அவர் வாசல் பனியையும் சேர்த்து வழித்துவிட வேண்டும் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

இலையுதிர் காலத்துக்குள் எஞ்சினைப் பூட்டி முடித்தேன். ரேடியேற்றருக்குள் குழாய்த் தண்ணீரை நிரப்பி, எங்கேயும் ஒழுகுகிறதா என்று பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. கராஜுக்குள் சூடு கிடையாது, குளிரில் கை விறைத்துப் போகும். மிச்ச வேலையைச் சித்திரையில் பார்ப்போம் என்று மூடி வைத்தேன். தண்ணீரை இறக்கினால் உள்ளே துருப்பிடிக்கும் என்று அப்படியே விட்டேன். கூரைக்குள் நிற்கும் காருக்குப் பனி என்ன செய்யும்?

நான் மூடுவதைப் பார்த்து அந்தப் பெண்மணி வந்து ஏதோ கேட்டார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்காத எல்லாவற்றுக்கும் சொல்வதுபோல "யெஸ், யெஸ்" என்றேன். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

மார்கழியில் ஒரு நாள் மத்தியானம், கடுங்குளிர் வரப்போகிறது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கதவு தட்டும் சத்தம். துவாரத்தால் பார்த்தேன், அவர்தான். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அவரோடு எப்படிப் பேசுவது? மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். இரண்டாம் முறையும் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் யன்னலால் பார்த்தால், கராஜ் கதவு தூக்கியிருக்கிறது, உள்ளே என் காரின் முன்மூடி திறந்து கிடக்கிறது. அவர் ஒரு வாளியோடு வெளியே வருகிறார். திரும்பவும் உள்ளே போகிறார். திரும்பவும் வாளி. என் சாமான்களைக் கழற்றுகிறார் என்றே நினைத்தேன்.

திறப்பு என்னிடம் இருந்தது. போய்ப் பார்த்திருக்கலாம். பார்த்தால் ஏதாவது குறைந்திருக்கும், குறைந்திருந்தால் கேட்க வேண்டும், கேட்க என்னிடம் இங்கிலிஷ் இல்லை. ஆகவே போகவில்லை. அடுத்த நாள் பனி கொட்டியது. அதுவரை இரண்டு வாசலையும் வழித்துவந்தவன், இப்போது எங்கள் வாசலை மட்டும் வழித்துக்கொண்டு போய், எல்லையில் நூல் பிடித்ததுபோல நிறுத்தினேன். அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படித்தான். விடிய முன்னம் பஸ் எடுக்கப் போகும் அந்த மனுசி தன் பனியைத் தானே வழித்தார். என்னைக் கண்டால் வழக்கம்போலக் கையை உயர்த்தினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாசியில் எங்கள் வாசல்படியில் மறந்துவிட்ட சோடாப் போத்தல் ஒன்று உறைந்து வெடித்துக் கிடந்தது. சிரித்துக்கொண்டே கூட்டி அள்ளினேன். அப்போதுகூடக் காரை நினைக்கவில்லை.

சித்திரையில் மனைவி பகிடி பண்ணினாள். "உங்கட மற்றப் பெண்சாதியை நாலு மாசமாப் பாக்கேல்லையே? கோவிச்சுக்கொண்டு போயிருப்பா, போய்ப் பாருங்கோ."

போனேன். கார் அப்படியே நின்றது. ஒவ்வொரு பெட்டியாகக் கிளறினேன். ஒரு ஆணிகூடக் குறையவில்லை. ஸ்ரியறிங்கில் மட்டும் ஓர் அட்டைத் துண்டு நூலில் கட்டித் தொங்கியது, பெரிய பெரிய எழுத்துகளோடு. அதில் எனக்குத் தெரிந்தது 'நோ' என்ற ஒரு சொல்தான். இடத்தைக் காலி பண்ணச் சொல்கிறார் என்று நினைத்து, அவிழ்த்துக்கொண்டு வந்து மனைவியிடம் கொடுத்தேன். அவள் இங்கிலிஷ் வகுப்புக்குப் போகிறவள். எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"தண்ணி இல்லையாம். ஸ்ராட் பண்ண வேண்டாமாம். கீழ இருக்கிற ரண்டு பைப்பும் திறந்து கிடக்காம். தண்ணி உறைஞ்சால் எஞ்சின் வெடிச்சுப்போகும் எண்டு இறக்கினவவாம். ரண்டு தரம் கதவு தட்டினவவாம், ஒருதரும் திறக்கேல்லையாம்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எப்ப வந்தவ?"

"மார்கழியில," என்றேன். அந்த எஞ்சின் வெடித்திருந்தால் வேறொன்றுக்கு எங்கே போவேன்?

அன்றைக்கே இரண்டு பேரும் அவரிடம் போனோம். மனைவி நன்றி சொன்னாள். எனக்கு அது போதவில்லை. தெரிந்த நாலைந்து இங்கிலிஷ் சொற்களைச் சேர்த்து, "நான் உங்களைக் கள்ளி எண்டு நினைச்சன்" என்று சொல்லிவிட்டேன். மனைவி என் கையில் கிள்ளினாள். "உதை ஏன் இப்ப சொல்லுறியள்?"

அந்தப் பெண்மணி கோபப்படவில்லை. ஏதோ சொல்லிச் சிரித்தார். மனைவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அவவுக்கு அப்பவே தெரியுமாம். நீங்கள் ஸ்னோவை அளந்து வழிச்சதில விளங்கினதாம்."

குளிரில் தண்ணீர் உறையாமலிருக்க மருந்து ஊற்றினாயா என்றுதான், நான் காரை மூடிய அன்றைக்கு என்னிடம் கேட்டிருக்கிறார். "நீங்கள் எல்லாத்துக்கும் யெஸ் சொல்லுற ஆளாம்," என்றாள் மனைவி. "அதால நம்பேல்லையாம். மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாத்தவவாம், வெறும் குழாய்த் தண்ணியாம்."

பிறகு அவரே இரண்டு குழாய்களையும் மூடினார். பனிக்கு உறையாத மருந்தைத் தண்ணீரில் எவ்வளவு கலப்பது என்று கையால் அளந்து காட்டினார். வைகாசியில் எஞ்சின் முதன்முதலாக உறுமியபோது, பஸ் உடுப்போடு காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுப் பெருவிரலை உயர்த்தினார்.

இருபது வருடம் எஞ்சினோடு கிடந்த நான் அந்த மனுசியிடம் மருந்து கலக்கப் படித்ததில் எனக்கு வெட்கமில்லை. விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று இப்போது தயங்காமல் சொல்கிறேன். ஆனால், தன்னை நான் கள்ளி என்று நினைப்பது தெரிந்தும், ஒவ்வொரு காலையும் அந்தப் பனிக்கோட்டுக்கு அப்பால் நின்று எனக்குக் கையை உயர்த்தினாரே, அந்த மனசு எனக்கு வருமா என்று ஒவ்வொரு குளிர்காலமும் பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்து வழிக்கும்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்.