அவித்தாலும் கோதுமைதான்

பிஸ்கட் சுடும் ஆம்பிளை என்று கோயிலில் என்னைச் சொல்வார்கள். சொல்லட்டும். எனக்குச் சபையில் வாய் வராது. ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் பூசை முடித்த பிறகு கோயில் ஹோலில் தேநீர் குடிக்கும்போதுகூட சுவரோடுதான் நிற்பேன். ஆனால் பிஸ்கட் விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

என் மகளுக்குக் கோதுமை கூடாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பாள். ஆஸ்பத்திரியில் சோதித்துச் சொன்ன நாளிலிருந்து லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டில் கோதுமை இல்லை. ஆனால் கோயில் மேசையில் ரோல்ஸும் பட்டர் கேக்கும்தான் இருக்கும். மற்றப் பிள்ளைகள் தட்டை நிரப்பும்போது அவள் ஜக்கெட் பையிலிருந்து ஒரு சின்னப் பைக்கற்றை எடுத்து, மற்றப் பக்கம் திரும்பி நின்று சாப்பிடுவாள். அது எனக்குப் பொறுக்கவில்லை. வருகிற திருநாளுக்கு அவள் எல்லோரோடும் ஒரே மேசையில் எடுத்துச் சாப்பிட வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். செய்முறை வாசித்துப் பழகவில்லை, யூடியூபில் கையைப் பார்த்துப் பழகினேன். அரிசி மா, பாதாம் தூள், பட்டர், சீனி, முட்டை. முதலில் சுட்டதெல்லாம் தொட்டால் உதிர்ந்தது. மகள் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டாள்.

திருநாளுக்கு முதல் நாள் மனைவி வேலைக்குப் போய்விட்டாள். ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் அவளுடைய அக்கா உதவிக்கு வந்திருந்தார். நல்ல மனுசி. என் கையில் மா முடிந்துபோனது தெரிந்து, ஒரு பை அரிசி மாவும் கொண்டு வந்தார். தானே வறுத்து அரித்தது என்றார். குழைத்தேன். அன்றைக்கு மா என் கையோடு சண்டை பிடிக்கவில்லை. வட்டம் வட்டமாகத் தட்டினேன், ஓரம் வெடிக்கவில்லை. அவணுக்குள் இருந்து தட்டு வெளியே வந்தபோது கடையில் வாங்கியது போல இருந்தது. வாசம் பிடித்து மகள் கீழே இறங்கி வந்து ஒன்றைக் கையில் எடுத்தாள்.

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களே தம்பி, கொஞ்சம் அவிச்ச மா கலந்தனான். இல்லாட்டி அரிசி மா பிடிபடாது."

மகளின் கையிலிருந்து பிஸ்கட்டைப் பறித்தேன். அவள் பயந்து போனாள்.

எங்கள் ஆட்கள் கோதுமை மாவை ஆவியில் அவித்து, அரித்து, போத்தலில் போட்டு வைப்பார்கள். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் அதுதான். அவித்த பிறகு அதை யாரும் கோதுமை என்று நினைப்பதில்லை. அவித்த மா என்றால் அது வேறு ஒரு சாமான். அக்காவும் அப்படித்தான் நினைத்திருந்தார். நான் சொல்லியும் ஏற்கவில்லை. அவிக்கும்போது அதில் இருக்கிற கெடுதல் எல்லாம் ஆவியோடு போய்விடுமாம். நாங்கள் அதைச் சாப்பிட்டுத்தானே வளர்ந்தோமாம். லண்டன் டொக்டர்மாருக்கு எங்கள் சாப்பாட்டைப் பற்றி என்ன தெரியுமாம்.

"அவிச்சாலும் கோதுமைதான், அக்கா," என்றேன்.

தட்டை அப்படியே குப்பை வாளிக்குள் கவிழ்த்தேன். குழைத்து வைத்திருந்த மிச்ச மாவையும் போட்டேன். சாப்பாட்டை எறிகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் அக்கா. நான் தட்டு, கரண்டி, மேசை எல்லாம் கழுவினேன். அவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மனைவி போனில் அழுதாள். அக்காவைக் கோபப்படுத்தியதற்காகவா, மகளை நினைத்தா என்று நான் கேட்கவில்லை. கடைக்கு நடந்து போய் முத்திரை உடைக்காத அரிசி மா வாங்கி வந்தேன். மகளும் நானும் திரும்பக் குழைத்தோம். ஓரமெல்லாம் வெடித்தது. வெடிக்கட்டும் என்று சுட்டேன்.

மறுநாள் ஹோலில் என் பிஸ்கட் பெட்டியைக் கேக்குகளிலிருந்து தள்ளி, மேசையின் ஒரு நுனியில் வைத்து, மகளோடு பக்கத்தில் நின்றேன். முதல் ஆளாக வந்தவர் ஃபாதர். இடது கையில் பாதி ரோல்ஸ். வலது கை விரல்களில் அதன் கோதுமைத் தூள் ஒட்டியிருந்தது. அந்தக் கையைப் பெட்டிக்குள் நீட்டினார். நான் மூடியைப் போட்டேன்.

"ஃபாதர், கையைக் கழுவிப்போட்டு எடுங்கோ."

எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். யாரோ பின்னால், "ஃபாதருக்கே சட்டமோ?" என்று சிரித்தார்கள். அக்கா தூரத்தில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்து வெட்டினார். என் காது சுட்டது. ஆனாலும் மூடியைத் திறக்கவில்லை.

ஃபாதர் தன் விரல்களைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு குழாயடிக்குப் போனார்.

அவர் வருவதற்கு முதல் மகள் பெட்டியைத் திறந்து தனக்கு ஒன்று எடுத்தாள். தன் சிநேகிதிக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தாள். உதிர்ந்தது எல்லாம் இரண்டு பேருடைய நல்ல சட்டையிலும் கொட்டியது. அடுத்து வந்தவரிடமும் நான் அதையே சொன்னேன்.