படிக்காத நான்காம் அத்தியாயம்

ஓர் ஆய்வு மாணவியின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குத் தேர்வாளராகப் போனேன். ஆய்வேட்டை முழுதாகப் படிக்காமல் போனேன்.

பிரபஞ்சம் விரிகிறது. இருண்ட பொருளின் ஈர்ப்பு அந்த விரிவை இழுத்துப் பிடிக்கிறது. இருண்ட ஆற்றல் அதை வேகப்படுத்துகிறது. அந்த ஆற்றல் மாறாதது என்றே ஓய்வுபெறும்வரை வகுப்பில் சொல்லிவந்தேன். அது வரவரப் பலவீனமாவதுபோல் தெரிகிறது என்று அவள் முடிவுரையில் எழுதியிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. நடுப் பக்கங்களைப் புரட்டவில்லை.

பின்வரிசையில் அவளுடைய அப்பாவும் அம்மாவும் இனிப்புப் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜெர்மனியில் அவளுக்கு ஆய்வு வேலை தயாராக இருந்தது. பட்டம் தாமதமானால் அது போய்விடும் என்று அவளுடைய நெறியாளர் என்னிடம் முன்பே சொல்லியிருந்தார்.

அவள் பெற்றோருக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே கேட்டேன். "இருண்ட பொருளோட அளவைக் கொறச்சு வச்சிக்கிட்டா, ஆற்றல் மாறுற மாதிரிதாம்மா தெரியும். அதைச் சோதிச்சியா?"

அவள் நெறியாளரைப் பார்த்தாள். அவர் குனிந்துகொண்டார்.

"பாத்துட்டுத் திருத்திடறேன் சார்" என்றாள்.

தேர்வாளர் என்ன சொன்னாலும் மறுத்துப் பேசாதே என்றுதான் மாணவர்களை உள்ளே அனுப்புவோம். நானும் அப்படித்தான் அனுப்பியிருக்கிறேன். இருந்தும், அவள் தவறை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று எடுத்துக்கொண்டு, ஆய்வைத் திரும்பச் செய்து சமர்ப்பிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் அறிவித்தேன். அது புரியாத அவள் அப்பா சிரித்த முகத்தோடு வந்து எனக்குச் சால்வை போர்த்தினார். வாங்கிக்கொண்டேன்.

லாஸ்பேட்டை வீட்டுக்கு வந்து, அறிக்கையில் குறிப்பிடப் பக்க எண் தேடினேன். நான்காம் அத்தியாயம் முழுக்க என் கேள்விக்கான பதில். இருண்ட பொருளின் அளவைக் கூட்டியும் குறைத்தும் பார்த்திருந்தாள்; முடிவு அசையவில்லை.

உடனே போன் செய்தேன். "ஏம்மா அங்கயே சொல்லல?"

"நீங்க படிக்காம வந்துட்டீங்கன்னு எல்லார் முன்னாடியும் எப்படி சார் சொல்றது?"

நெறியாளரையும் கூப்பிட்டேன். "விடுங்க சார். இந்த வயசுல பேரைக் கெடுத்துக்கணுமா? பொண்ணு சமாளிச்சிக்கும்" என்றார். அந்தப் பேச்சு எனக்கு இதமாக இருந்தது. சில நாட்கள் சும்மா இருந்துவிட்டேன்.

பிறகுதான், படிக்காமல் தேர்வு நடத்தினேன் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். அவளுக்குப் பட்டம் கிடைத்தது. ஜெர்மனி வேலை அதற்குள் வேறொருவருக்குப் போயிருந்தது.

அன்றைக்கே எழுதியிருந்தால் அது தங்கியிருக்குமா என்று அவளிடம் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.