வேலை கெடைக்கறதுக்கு முன்னாடி போட்ட போஸ்டர்

வேலை தேட ஆரம்பிச்சதும் என் பேத்தி மொதல்ல பண்ணது, போன்ல இருந்த அவளையே தொடச்சி எடுத்தது. ஏலகிரியில கூலிங் கிளாஸ் மாட்டிக்கினு ஆடுன வீடியோ போச்சு. தோஸ்துங்களோட நாக்க நீட்டி எடுத்த போட்டோ போச்சு. திங்கக்கெழமைய கண்டுபுடிச்சவன் என் கைல மாட்டட்டும்னு எழுதி வெச்சிருந்தா, அதுவும் போச்சு. வேலை தேடறவங்களுக்குன்னே ஒரு ஆப்பு இருக்குதாமே, அதுல மட்டும் எண்ண வெச்சி தலை வாரிக்கினு, சிரிச்சா அபராதம்ன்ற மாதிரி ஒரு போட்டோ. இவ யாருடி, எந்த ஊரு பொண்ணு, ஜாதகம் இருக்குதான்னு கேட்டேன். மொறச்சா.

இவ ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில செக்கிங்ல இருந்தா. தையல் விட்டிருக்குதா, பசை ஒழுகியிருக்குதான்னு பாத்துப் பாத்தே கண்ணு போய்டும் அதுல. இப்ப தேடறது சத்துவாச்சாரியில ஒரு ஆபீசு வேலை, வெளிநாட்டுக்காரனுக்கு மெயில் எழுதணும். எடுக்கறதுக்கு முன்னாடி போன்ல நம்ம கொடல் வரைக்கும் நோண்டிப் பாப்பாங்களாம். அத கூட சமாளிச்சிடலாம். இங்க இருக்கற மேனேஜருக்கு மட்டும் தெரியக்கூடாது. இந்தப் பொண்ணு வேற எடம் பாக்குதுன்னு தெரிஞ்சா அன்னிக்கே கணக்க முடிச்சி அனுப்பிடுவாங்க, அங்கயும் கெடைக்கலன்னா எங்க வீட்டு அடுப்பு கம்முனு குந்திக்கும். அதனால அவ வாட்ஸப் ஸ்டேட்டஸ் மேனேஜர் கண்ணுக்கே படாத மாதிரி மூடி வெச்சா.

எல்லாத்தையும் மூடுனா. என்ன மூட மறந்துட்டா.

கம்பெனியில அவசரத்துக்குன்னு என் நம்பர தான் குடுத்திருந்தா. ஒருக்கா அவ மயக்கம் போட்டப்போ மேனேஜர் எனக்கு போன் பண்ணாரு. அதுலேர்ந்து தெனம் காலைல அவருக்கு ஒரு ரோஜாப்பூ அனுப்பிடுவேன். அவரும் கும்புடு அனுப்புவாரு. பாவம், வேற யாரு அவருக்குப் பூ குடுக்கறாங்க.

ரெண்டாவது இன்டர்வியூ முடிச்சிட்டு வந்தவ, கிட்டத்தட்ட கெடச்சாப்லதான் ஆயான்னு சொல்லி என்ன சுத்தி சுத்தி ஆடுனா. எங்க தெருவுல காது குத்துனாலே கரண்ட் கம்பத்துல பேனர் கட்டுவாங்க. கிட்டத்தட்ட வேலையே கெடச்சிருக்குது, சும்மா இருக்க முடியுமா? போன்ல போஸ்டர் போடற ஆப்ப தொறந்தேன். இந்தப் பக்கம் தாமரை, அந்தப் பக்கம் சிங்கம், நடுவுல அவ. கீழ வாழ்த்தறவங்க போட்டோவுல நான், அவள விட கொஞ்சம் பெருசா. நான் படிச்சது மூணாங்கிளாசு, ஆனா வாய்ல சொன்னா போனே எழுதிக்குது. ‘சத்துவாச்சாரியில பதவியேற்கும் எங்க வீட்டு மகாராணியே வருக’ன்னு சொல்லி ஸ்டேட்டஸ்ல வெச்சிட்டு மொச்சக்கொட்ட உரிக்கப் போய்ட்டேன்.

பேத்தி தலையில துண்டோட ஓடியாந்து என் போன புடுங்குனா. பாத்தவங்க பேரு வரிசையா இருந்துது. பால்காரன், பக்கத்து வீட்டு பாயம்மா, நடுவுல மேனேஜர். அப்டியே தரையில குந்திட்டா.

அழிக்கப் போனா. நான் கைய புடிச்சிக்கினேன்.

“இப்ப அழிச்சா நெஜம்னு ஆயிடும்டி. இரு, இத பத்தோட பதினொண்ணா ஆக்கிடறேன்.”

மொதல்ல எனக்கே ஒண்ணு போட்டேன், லண்டன் செருப்புக் கம்பெனிக்கு மொதலாளியா பதவியேற்கும் ஆயான்னு. எதிர்வீட்டு சேவலுக்கு ஒண்ணு, அலாரம் துறை அதிகாரி. இன்னா சத்தம்னு வந்த பாயம்மாவுக்கு அமெரிக்கா பிரியாணி சங்கத் தலைவி பதவி குடுத்தேன். அவங்க கோச்சிக்கினாங்க, பதவிக்கு இல்ல, போட்டோவுக்கு. நிக்காஹ் போட்டோவ தான் போடணும்னு வீட்டுக்குப் போய் எடுத்தாந்தாங்க. அதுக்குள்ள பேத்திக்கும் அழுகை போய் சிரிப்பு ஏறிடுச்சி. கடைசி ஐடியா அவளோடது. மேனேஜர் போட்டோவ எடுத்து, சந்திரனுக்கு ஷூ ஏத்துமதி செய்யும் எங்கள் தலைவரேன்னு போட்டா. சிரிச்சி சிரிச்சி எனக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சி.

மறுநாள் மேனேஜர் அவள ரூமுக்குக் கூப்ட்டாரு. அவரு போன காட்டி, அடுத்த தடவ என் தலையில முடி கொஞ்சம் ஜாஸ்தியா வெக்க சொல்லு ஆயாகிட்டன்னாராம். அவ்ளோதான். தப்பிச்சோம்.

ஆனா பேஜார் அங்கதான் ஆரம்பிச்சிது. சத்துவாச்சாரிலேர்ந்து நெஜமாவே வேலை ஆர்டர் வந்துட்டுது. மாசக் கடைசியோட நின்னுக்கறேன்னு எழுதி எடுத்துனு போய் நீட்டுனா. படிச்சிட்டு மனுசன் குடிச்ச டீய மூக்கால விட்டுட்டாராம். எனக்கு போன போட்டாரு.

“இன்னா ஆயா, இதுவும் உன் வேலை தானா?”

“இல்ல சார். இது நெஜம். புள்ளைக்கு வேலை கெடச்சிட்டுது, கையெழுத்து போட்டுக் குடுங்க.”

என் ஆயுசுல அவ்ளோ ஒழுங்கா நான் பேசுனதே இல்ல. அவரு இன்னும் ஜாஸ்தி சிரிச்சாரு. கொரல பாரு, இன்னா நடிப்புன்னு சொல்லிக்கினே கையெழுத்து போட்டு, சீலும் குத்திக் குடுத்துட்டாரு. அந்த மாசம் முழுக்க இவ தெனம் போய், சார் நான் போறேன் சார்னு சொல்லுவா. போம்மா, சந்திரனுக்குப் போறப்ப சொல்லிட்டுப் போன்னுவாரு. கடைசி நாளு ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கினு போய் எல்லாருக்கும் குடுத்தா. யாரு வீட்டுல இன்னா விசேஷம்னு கூட கேக்காம மேனேஜர் ரெண்டு துன்னாரு.

ஒண்ணாந்தேதி கம்பெனி பஸ்சு வந்து ஆரன் அடிச்சிப் பாத்துட்டுப் போய்ட்டுது. அவ அதுக்குள்ள வேலூர் பஸ்சுல ஆம்பூர தாண்டிட்டா. கொஞ்ச நேரத்துல எனக்கு போன் வந்துது. மேனேஜர் தான்.

“ஆயா… அது நெஜமா?”

“நான் அன்னிக்கே சொன்னேனே சார்.”

எதோ கதவ சாத்துன சத்தம் கேட்டுது. அப்பால கொரல எறக்கிக்கினாரு.

“அந்த ஆபீசுல மேனேஜர் வேலை எதுனா காலியா இருக்குதான்னு உன் பேத்திய கேட்டுச் சொல்லு. ஸ்டேட்டஸ்ல மட்டும் போட்டுறாத ஆயா.”

இன்னி வரைக்கும் போடல. இங்க எழுதறது ஸ்டேட்டஸ் கணக்குல வராது.